பேராசிரியர் பதில் போடவில்லையே, என்ன செய்ய?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். பிஎச்.டி.க்கு இடம் கேட்டு ஒரே மின்னஞ்சலைப் பல பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. மதிப்பெண் போதவில்லையா? பேர் பெற்ற பெரிய குழுவில் சேர்ந்தால்தான் எதிர்காலமா?

பதில்: மதிப்பெண் வரைக்கும் அவர்கள் படித்திருக்கவே மாட்டார்கள். "தங்களது சீரிய ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டு..." என்ற வரி கரிம வேதியியல்காரருக்கும் பொருந்தும், மின்வேதியியல்காரருக்கும் பொருந்தும். அப்படிப்பட்ட கடிதங்கள் அவர்களுக்குத் தினமும் வருகின்றன.

ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் குழுவின் சமீபத்திய கட்டுரைகள் இரண்டை, கூடவே வரும் சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் கோப்போடு சேர்த்துப் படியுங்கள். கட்டுரையில் அழகான வினை வரைபடம்தான் இருக்கும். அங்கே நாள் முழுக்கக் கை என்ன வேலை செய்கிறது என்பது அந்தக் கோப்பில்தான் தெரியும்: எத்தனை கிராம் எடுத்தார்கள், எந்தக் கரைப்பானை வைத்துச் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள், விளைச்சல் 90 சதவீதமா, வெறும் 12 சதவீதமா. அதைப் படிக்கவே அலுப்பாக இருந்தால் அந்தக் குழு உங்களுக்கு வேண்டாம். பிடித்திருந்தால் அதிலிருந்தே ஒரு சந்தேகத்தைக் கேட்டு, பத்து வரிக்குள் எழுதுங்கள். "என்.எம்.ஆர். தெரியும்" (மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் சோதனை) என்பது போதாது. சாம்பிளை நீங்களே தயாரித்தீர்களா, வரைபடத்தில் வந்த பீக்குகளை நீங்களே அடையாளம் கண்டீர்களா என்று சொல்லுங்கள்.

அப்புறம், பெரிய பெயர். பெரிய குழுவில் கருவிகளுக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் உங்களுக்கு வேலை கற்றுத்தருபவர் பெரும்பாலும் ஒரு போஸ்ட்டாக்தான், அதாவது பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கே ஆய்வு செய்பவர். புதிதாகக் குழு தொடங்கியவரோ ஃபியூம் ஹுட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) பக்கத்திலேயே நின்று சொல்லித்தரக்கூடும்; அவசரமும் படுத்துவார். என்னைக் கேட்டால், பெயரைவிட அங்கிருக்கும் மாணவர்கள்தான் முக்கியம். பேராசிரியர் இல்லாத நேரத்தில் அவர்களிடம் பேசுங்கள். பட்டம் வாங்க எத்தனை வருடம் ஆகிறது? பாதியில் போனவர் உண்டா, ஏன் போனார்? கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு? உதவித்தொகை எதுவரை வரும்? இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

முடிந்தால் ஆய்வகத்துக்குள் ஒரு நடை போய்வாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்கிறதா, தலைமேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தை ஒரு இளம் ஆய்வாளர் சிரிஞ்சில் எடுத்தபோது பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. தீக்காயத்தால் அடுத்த மாதம் இறந்துபோனார். சேர்ந்ததும் பயிற்சி யார் தருவார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் குழு எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

சரி, எழுதியும் பதில் இல்லையென்றால்? இரண்டு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சலின் கீழேயே ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவரின் கட்டுரையை எடுங்கள்.