வாத்தியார் பதில்கள்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். காந்தப்புலத்தில் வைத்த செம்புப் பட்டையில் மின்சாரம் ஓடினால், எலக்ட்ரான் மேல் காந்த விசையும் மின்விசையும் சமமாகிவிடும் என்கிறார்கள். சமமானால் நிகர விசை பூஜ்ஜியம்தானே? அப்புறம் கம்பியைத் தள்ளுவது யார்? மோட்டார் எப்படிச் சுற்றுகிறது?
- ஒரு மாணவி, பாலக்கோடு

பதில்: பல வருஷம் முன்னால் ஒரு பையன் இதையே கேட்டான். "சிலபஸில் இல்லை, உட்காரு" என்றேன். சிலபஸ் மேல் பழி போட்டேனே தவிர, எனக்குத்தான் தெரியாது.

கே.ஆர்.பி. அணைக் கால்வாயில் தண்ணீர் வேகமாக வரும் நாளில், வளைவில் நின்று பார் கண்ணு. வெளிக்கரைப் பக்கம் தண்ணீர் ஒரு மயிரிழை ஏறி நிற்கும். அந்த ஏற்றமே மற்ற தண்ணீரை மேலும் ஒதுங்க விடாமல் தடுக்கிறது. பட்டையிலும் இப்படித்தான். காந்தம் ஓடுகிற எலக்ட்ரான்களை ஒரு ஓரத்துக்கு ஒதுக்குகிறது. அங்கே எதிர்மின்னூட்டம் சேர, எதிர் ஓரம் நேர்மின்னூட்டமாகிறது. நடுவில் பிறக்கும் மின்புலம் பின்னால் வரும் எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளுகிறது. eE = evB ஆனதும் ஒதுங்கல் நிற்கிறது (e எலக்ட்ரானின் மின்னூட்டம், E அந்த மின்புலம், v எலக்ட்ரானின் வேகம், B காந்தப்புலம்). இருபுறமும் e அடிபட்டுப் போக, E = vB. (உவமை முழுசாகப் பொருந்தாது. தண்ணீர் வளைந்து போகிறது, எலக்ட்ரான் நேராகப் போகிறது.)

இப்போது உன் கேள்வி. சமநிலை யாருக்கு? ஓடுகிற எலக்ட்ரானுக்கு மட்டும். செம்பு அயனிகள், அதாவது எலக்ட்ரானை விட்டுக்கொடுத்த செம்பு அணுக்கள், இடம்விட்டு ஓடுவதில்லை. வேகம் இல்லாததன் மேல் காந்த விசை கிடையாது. ஆனால் அதே பக்கவாட்டு மின்புலம் அவற்றையும் பிடித்து இழுக்கிறதே! அதைச் சமன்செய்ய அவற்றுக்கு எதுவும் இல்லை. அயனி நேர்மின்னூட்டம் உள்ளது. ஆகவே காந்தம் எலக்ட்ரானை எந்தப் பக்கம் தள்ளியதோ, அதே பக்கம்தான் இழுபடும். எல்லா அயனி மேலும் உள்ள விசையைக் கூட்டிப் பார், கம்பி மேலான விசை என்று நீ மனப்பாடம் செய்த BIl வந்து நிற்கும் (I மின்னோட்டம், l கம்பியின் நீளம்). காந்தம் எலக்ட்ரானைத் தள்ளுகிறது, எலக்ட்ரான் கம்பியை இழுத்துக்கொண்டு போகிறது.

பெரியவர்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. விசை கடத்தியின் மேல்தான், மின்னோட்டத்தின் மேல் அல்ல என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் எழுதியிருந்ததைப் படித்து ஒத்துக்கொள்ள முடியாமல்தான், அமெரிக்க மாணவர் எட்வின் ஹால் 1879இல் மிக மெல்லிய தங்கத் தகட்டில் சோதித்தார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல்! எது ஓடுகிறது என்றே தெரியாமல், அது ஓரமாய் ஒதுங்குவதை அளந்துவிட்டார்.

தகடு ஏன் அவ்வளவு மெல்லியது? 0.1 மி.மீ. தடிமனுள்ள செம்புப் பட்டையில் 1 ஆம்பியர் ஓட்டி, 1 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தாலும் ஓரங்களுக்கு இடையே கிடைப்பது சுமார் 0.7 மைக்ரோவோல்ட். தடிமன் கூடினால் அதுவும் இருக்காது.

கேள்வி: என் இ-ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி நகர மறுக்கிறது. மெக்கானிக் "ஹால் சென்சார் போச்சு" என்கிறார். ஸ்கூட்டரில் ஏது ஹால்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வீட்டு ஹால் இல்லை ஐயா, மேலே சொன்ன எட்வின் ஹால்தான்; அவர் அளந்த ஓர வோல்ட்டேஜை வைத்துக் காந்தப்புலத்தை உணர்வதுதான் ஹால் சென்சார். கைப்பிடிக்குள் சின்னக் காந்தம் இருக்கிறது. முறுக்கினால் சென்சார் மேல் படும் காந்தப்புலம் மாறும், வோல்ட்டேஜும் மாறும். அதைப் பார்த்துத்தான் கண்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. சென்சாருக்குள் இருப்பது செம்பு அல்ல, குறைகடத்தி (செமிகண்டக்டர்). அதில் ஓடுகிற மின்துகள்கள் குறைவு. அதே மின்னோட்டத்துக்கு அவை வேகமாக ஓட வேண்டும், குறுகிய வாய்க்காலில் தண்ணீர் சீறுவது போல. வேகம் கூடினால் E = vBயும் கூடும்.

மழையில் நனைந்த வண்டியா? முதலில் கனெக்டரைக் கழற்றித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது சென்சாருக்குக் காசு அப்புறம் கொடுக்கலாம்.