கேமரா மாறினாலும் லென்ஸ் நிலைக்க...

கேள்வி: குறும்படம் எடுக்கிறேன். பல வருடம் கைகொடுக்கும் சினிமா லென்ஸ் எது? பழையது வாங்கலாமா?

பதில்: முதலில் மவுண்ட்டை, அதாவது லென்ஸ் கேமராவில் பூட்டும் வளையத்தைப் பாருங்கள். சினிமா கேமராக்களின் பி.எல். மவுண்ட்டிலிருந்து சென்ஸாருக்கு (படம் பதியும் சில்லு) 52 மி.மீ. தூரம், சோனி இ மவுண்ட்டில் 18 மி.மீ.தான். மிச்சமுள்ள 34 மி.மீ. இடைவெளியில் அடாப்டர் (இணைப்பு வளையம்) உட்கார்ந்துவிடும் என்பதால், பி.எல். லென்ஸை சோனியிலும் பொருத்தலாம். இ மவுண்ட் லென்ஸை பி.எல். கேமராவில் பொருத்த வழியில்லை. அதனால் பி.எல்., அல்லது மவுண்ட்டையே மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள லென்ஸ்தான் நீண்டகால முதலீடு. பெரிய ஃபுல்ஃப்ரேம் சென்ஸாருக்கு 43.3 மி.மீ. விட்டமுள்ள பட வட்டமும் (லென்ஸ் சென்ஸாரில் விழவைக்கும் படம்) தேவை. அதைவிடச் சிறிய சென்ஸாருக்கான சூப்பர் 35 லென்ஸ்களில் பெரும்பாலானவை ஃபுல்ஃப்ரேமில் மூலைகளை இருட்டாக்கும்.

பழையது தாராளமாக வாங்கலாம். ஐரிஸை (ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் துளை) முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் பூஞ்சை. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டுக் கண்ணாடிகள் பிரிகின்றன. சரிசெய்வது பெருஞ்செலவு, விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் பெரும்பாலும் படத்தில் தெரியாது.