கருப்பை ரெண்டாப் பிரிஞ்சிருந்தா பிள்ளை தங்காதோ?

தங்கச்சி, ஸ்கானில கருப்பை ரெண்டாப் பிரிஞ்சிருக்கு எண்டு சொன்னவை, ரெண்டு தரம் கலைஞ்சும் போச்சு, இனித் தங்குமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். கன பேருக்குத் தங்கியிருக்கு. நாங்கள் தாயின்ரை வயித்தில இருக்கேக்கையே ரெண்டு குழாய் ஒண்டாச் சேர்ந்துதான் கருப்பை ஆகிறது, பிறகு நடுச்சுவர் கரைஞ்சு போகும், இதில எது பிசகினாலும் பிறவிக் குறைதான், மாமி சொல்லுற மாதிரி நீங்கள் ஸ்கூட்டி ஓடினதால வந்ததில்லை (அவவுக்கும் இதை வாசிச்சுக் காட்டுங்கோ).

சரியாச் சேராட்டி மேல்பக்கம் ரெண்டு கொம்பு மாதிரி நிக்கும், இடம் காணாமல் பிள்ளை மாதம் முந்திப் பிறக்கலாம், தலை கீழ திரும்பாமலும் இருக்கலாம், அதால சிசேரியன் செய்யிற சான்ஸ் கூட. சுவர் கரையாமல் நிண்டா கலையிற சான்ஸ்தான் கூட. அந்தச் சுவரைக் கீழால கமரா விட்டு வெட்டலாம், ஆனா எல்லாருக்கும் வெட்டோணுமோ எண்டதில டொக்டர்மாருக்குள்ளயே ஒரே கருத்தில்லை. சாதாரண ஸ்கானில ரெண்டையும் பிரிச்சறியிறது கஷ்டம், அதால அவசரப்படாமல் த்ரீடி ஸ்கானோ எம்ஆர்ஐயோ எடுத்து எது எண்டு முதல் தெளிவாக்குங்கோ, அப்பிடியே கிட்னியையும் பாக்கச் சொல்லுங்கோ, கருப்பையும் கிட்னியும் ஒண்டா வளர்றதால சிலருக்கு ஒரு கிட்னி இருக்காது. தங்கினா கிளினிக்கில முதல் நாளே இதைச் சொல்லிப்போடுங்கோ, கருப்பை வாய் கட்டையாகுதோ எண்டு ஸ்கானில பாத்துக்கொண்டிருப்பினம்.