"நிதி இல்லை" என்றால், எந்த நிதி?

கேள்வி: மதுரை செல்லூரில் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு ஆறு வருஷமாக மாலை வகுப்பு நடத்துகிறோம். பதிவு செய்த சிறிய அறக்கட்டளை. மாநகராட்சியில் உதவி கேட்கலாம் என்று விசாரித்தால், "இந்த வருஷம் எல்லாம் குறைச்சாச்சு, நிதி இல்லை" என்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நாங்கள் எப்போது, எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: மாநகராட்சியின் பணம் ஒரே உண்டியலில் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று கணக்கு தனித்தனி. சொத்து வரியோடு வசூலாகும் கல்வி வரி அந்தக் கல்வி நிதிக்குத்தான் போகும். டெல்லியிலிருந்து வருவதும் பெரும்பாலும் கட்டுப்பட்ட பணம்தான், சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்கலாம். மத்திய அரசின் வரிப் பணத்தைப் பகிரப் பரிந்துரைக்கும் நிதி ஆணையங்களில், 2021-26க்கான 15வது ஆணையம், மதுரை மாதிரி பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கான மானியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றின் தரத்துக்கும், மீதியைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, குப்பை மேலாண்மைக்கும் என்று கட்டுப்படுத்திவிட்டது. அது முழுசாக வந்து சேர்ந்திருந்தாலும் உங்கள் வகுப்புக்கு ஒரு பெஞ்சுகூட வாங்க முடிந்திருக்காது.

குறைப்பு வரும்போது சம்பளம், ஓய்வூதியம், மின் கட்டணம், கடன் தவணை இவற்றில் கை வைக்க முடியாது. ஒப்பந்தம் போட்ட வேலைகளுக்குப் பில் வந்துகொண்டே இருக்கும். மிஞ்சுவது ஒப்பந்தமோ மன்றத் தீர்மானமோ இல்லாத செலவுகள்தான். முதல் வெட்டு அங்கேதான் விழும். நாற்பது பிள்ளைகளின் படிப்பு அந்த வரிசையில் கடைசியில் நிற்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் அங்கிருந்து உங்களை மேலே ஏற்றுவது காகிதம். தீர்மான எண் உள்ள வேலை, பொதுமக்கள் பங்கு சேர்ந்த வேலை, முன்பு வாங்கிய தொகையைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த அமைப்பு, இவை நிலைக்கும். தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போடும்போது தேடுவது இதைத்தான்.

அதனால் "நிதி இல்லை" என்றால், "எந்தத் தலைப்பில் இல்லை?" என்று பொறுமையாகக் கேளுங்கள். பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கு நேராகவும் இந்த ஆண்டு மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று தொகைகள் இருக்கும். முதலாவதில் பெரிய தொகையும் இரண்டாவதில் சின்னத் தொகையும் இருந்தால், வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் யாரும் கேட்டு வராமல் செலவாகாமல் போயிருக்கும். இரண்டில் எது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், எதைக் கேட்பது? என் யோசனை, பணத்தைக் கேட்காதீர்கள். பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை ஒரு வகுப்பறை கேளுங்கள். நாலு டியூப் லைட், இரண்டு ஃபேன். அந்தக் கட்டடத்தின் மின் கட்டணத்தை ஏற்கெனவே மாநகராட்சிதான் கட்டுகிறது. புதுத் தலைப்பில் பெரிய தொகை ஒதுக்க வேண்டியதில்லை, தலைமையாசிரியரின் சம்மதமும் ஆணையரின் அனுமதியும் போதும். யார் பூட்டுவது, பெருக்குவது, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தயக்கமெல்லாம் அந்த மூன்றில்தான் இருக்கும்.

கழிப்பறை, கூரை மாதிரி நிலையான வேலை என்றால் மக்களும் அரசும் செலவைப் பகிரும் "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு வேண்டும். எம்.பி. தொகுதி நிதியும் நிலையான சொத்துக்கு மட்டும்தான், டீச்சருக்கு மாதச் சம்பளம் அதில் வராது. அந்த நிதியே கொரோனாவில் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு 2021 நவம்பரில்தான் திரும்பியது என்பதால், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சம்பளத்துக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்) பொருந்தும். அதற்கு வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று வழக்கத்தில் சொல்லும் பதிவுகளும், அந்த நிதி வாங்கப் பதிந்துகொள்ளும் சி.எஸ்.ஆர்-1 படிவமும் வேண்டும். இல்லையென்றால் ஒரு ஆடிட்டரைப் பார்த்து இந்த மாதமே தொடங்குங்கள்.

நேரம் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்று ஏப்ரலில் மனு கொண்டு போவார்கள். அதற்குள் மதிப்பீடு அச்சாகி, மன்றத்தில் நிறைவேறியிருக்கும். தீபாவளி கழிந்த கையோடு கொடுங்கள். வார்டு கவுன்சிலரின் பரிந்துரையை வாங்குங்கள். வார்டுக்குள் மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபை நடக்கும்போது எழுந்து பேசி, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். சமீபத்தில் ஒரு குழுவின் மனுவைப் பார்த்தேன். கல்வியின் பெருமை பற்றி மூன்று பக்கம், திருக்குறள் இரண்டு. என்ன வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நல்ல பிள்ளைகள், நல்ல வேலை, மனசு கஷ்டமாகிவிட்டது. "இந்தப் பள்ளி, இந்த அறை, இந்த நேரம், இத்தனை பிள்ளைகள்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வருகைப் பதிவேட்டின் நகலை இணையுங்கள். ஆறு வருஷப் பதிவேடு உங்களிடம் இருந்தால் அதைவிடப் பெரிய சான்று இல்லை.

கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் போய்ப் பதில் வராவிட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்கலாம். அதற்கும் அந்தத் தேதிதான் வேண்டும்.