பயணமும் எழுத்தும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எழுத்தாளர் என்றால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்கிறார்கள். நான் கரூரை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. என்னால் நல்ல கதை எழுத முடியாதா? (வாசகி, கரூர்)

பதில்: முடியும். இடைசெவலையும் அதைச் சுற்றிய கரிசல் காட்டையும் வைத்துக்கொண்டு கி. ராஜநாராயணன் எவ்வளவு எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள். கதைக்குச் சரக்குத் திரட்டத்தான் எழுத்தாளர்கள் பயணம் போகிறார்கள் என்ற எண்ணத்திலும் எனக்கு உடன்பாடில்லை. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம், 1938-இல் சுமத்ராவின் மேடான் நகரத்துக்குப் போனது பிழைப்புக்காக. அங்கே வட்டிக்கடையில் வேலை. போர் முடிந்து 1946-இல் திரும்பியவர், மதுரையில் தினத்தந்தி நாளிதழில் வேலை பார்த்துக்கொண்டு, விடுதி அறையில் தனியாளாக வாழ்ந்தார். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972-இல்தான் நூலாக வெளிவந்தது. ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழையும் காட்சியைப் பலரும் சிலாகிப்பார்கள். எனக்கோ, கடல் கடந்து நிற்கும் நாவலின் நாயகன் பாண்டியனின் நினைவில் சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரை வீதிகளும் கடை கடையாக, ஆள் ஆளாக விரியும் பக்கங்களே பெரிதாகப் படுகின்றன. மேடானில் இருக்கும் பாத்திரம் மதுரையை நினைத்து ஏங்குகிறது. மதுரையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரோ மேடானின் தெருக்களை எழுதிக்கொண்டிருக்கிறார். விட்டு வந்த ஊர்தான் அவருக்கு அவ்வளவு துலக்கமாகத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: வெளிநாடு போய் வந்த கையோடு எழுதிவிடுவது நல்லதா? (வாசகர், தேனி)

பதில்: பயணக் கட்டுரை என்றால் சூட்டோடு எழுதிவிடுங்கள், ரயில் கட்டணமும் சாப்பாட்டு விலையும் விரைவில் மறந்துபோகும். புனைவு என்றால் ஊறவிடலாம். அயோவா பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்காக 1973-இல் அமெரிக்கா சென்ற அசோகமித்திரனின் அனுபவம், 'ஒற்றன்!' என்ற நூலாகப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அதில் அமெரிக்காவின் பிரம்மாண்டம் அநேகமாக இல்லை; உடன் தங்கியிருந்த பிற நாட்டு எழுத்தாளர்களும் அவர்களுடைய சின்னச் சின்னச் சங்கடங்களும்தான் மிஞ்சியிருக்கின்றன. (நம்மவர்கள் சிலர் விமான நிலையத்துக்கே மூன்று அத்தியாயம் ஒதுக்குகிறார்கள்.)

கேள்வி: நன்றாகத் தெரிந்த இடத்துக்கே போவதைப் பயணம் என்று சொல்லலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் ஊர்க்காரர்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்து, 'மோகமுள்' நாவலையும் எழுதிவிட்ட தி. ஜானகிராமன், அதற்குப் பிறகே நண்பர் சிட்டியோடு அந்த ஆற்றைக் குடகு மலையிலிருந்து கடல் வரை தொடர்ந்து சென்று பார்த்தார். இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1971-இல் வெளிவந்தது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் வரும் 'நடந்தாய் வாழி காவேரி' என்ற தொடரையே அதற்குப் பெயராக வைத்தார்கள். தெரிந்த ஆற்றின் தெரியாத பகுதியைப் பார்க்கும் ஆசைக்கு வயதோ புகழோ தடையில்லை. முதல் கேள்வி கேட்ட கரூர் வாசகியும் இதைக் கவனிக்கலாம்: உங்கள் ஊரைத் தொட்டுப் போகும் அமராவதி, திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம்.