எதற்கு உட்கார்கிறோம்? கணினியோடு வாழ்வது பற்றிச் சில கேள்விகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகும் கணினியை நான் விடவில்லை. பழைய கணினிகளைப் பற்றியும், தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வதைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், வீட்டுக்கு ஒரு கணினி என்ற எண்ணம் எப்போது வந்தது?

பதில்: 1975 ஜனவரியில் ஒரு மின்னணுவியல் பத்திரிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. பலருக்கும் அங்கேதான் தொடக்கம். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, நினைவகம் 256 பைட். முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகள். எட்டுச் சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து, இன்னொரு சுவிட்சைத் தட்டினால் ஒரு பைட் உள்ளே போகும். மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். அப்படியும் அதை வாங்க ஆட்கள் போட்டி போட்டார்கள். அதுவரை கணினி என்றால் நிறுவனத்தின் சொத்து. வேலையைக் கொடுத்துவிட்டு நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தனக்கே தனக்கென்று ஒன்று என்பதில் அவ்வளவு பெரிய ஆசை இருந்தது.

1977இல் ஆப்பிள் II, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் வந்தன. 1979இல் விசிகால்க் என்ற கணக்கு அட்டவணை மென்பொருள். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை மாற்றினால் கீழே இருக்கும் மொத்தக் கணக்கும் தானே மாறுவதைப் பார்த்தவர்கள் பழைய கணக்கு நோட்டுக்குத் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

கேள்வி: இன்றைய போன்கூட அவற்றைவிடப் பல மடங்கு வேகம். அந்தக் கணினிகளில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அடிப்படை மாடலில் நினைவகம் 16 கேபி. வேகத்துக்காக யாரும் அதைக் கொண்டாட மாட்டார்கள். டாஸ் என்ற இயங்குதளம் உள்ள ப்ளாப்பியை, அதாவது காந்தத் தகட்டை, உள்ளே போட்டு சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு எழுத்து, ஒரு அம்புக்குறி, பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடு. அவ்வளவுதான். நாம் சொல்லும்வரை அது ஒன்றும் செய்யாது. கடிதம் எழுத வேண்டுமா? வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் மென்பொருள் உள்ள ப்ளாப்பியை உறையிலிருந்து எடுக்க வேண்டும். கணக்குப் போட வேண்டுமா? அதிலிருந்து வெளியே வந்து, அந்த ப்ளாப்பியை உறையில் போட்டுவிட்டு, வேறொன்றை எடுக்க வேண்டும். அதனால் நாற்காலியில் உட்காரும் முன்பே எதற்கு உட்கார்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

குறைகளும் இருந்தன. ஒரு புரோகிராம் தடுமாறினால் கணினி முழுவதும் நின்றுவிடும், சேமிக்காதது போனது போனதுதான். அந்தக் கஷ்டங்கள் திரும்பி வர வேண்டாம். ஆனால் அன்று நாம் கணினியை வேலை கேட்டோம். இன்று திறந்தவுடன் அது நம்மை வேலை கேட்கிறது. ஒரு அப்டேட், ஒரு செய்தி, மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. திட்டமிட்டு வாழ்வது என்று நான் சொல்வதெல்லாம் இந்த முறையைத் திரும்பவும் புரட்டிப் போடுவதைத்தான்.

கேள்வி: ஒரு மெயில் அனுப்ப லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது ஐயா. மனக்கட்டுப்பாடு இல்லை.

பதில்: மனக்கட்டுப்பாட்டை நம்பாதீர்கள் தம்பி, ஏற்பாட்டை நம்புங்கள். என் கீபோர்டின் இடப்பக்கம் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கும். மூடியைத் திறக்கும் முன் அதில் எழுதுவேன்: "வங்கிக் கணக்கு சரிபார்க்க. தங்கைக்குப் படங்கள் அனுப்ப." இரண்டையும் முடித்துக் கோடு போட்டு அடித்தவுடன் மூடிவிடுவேன். நடுவில் வேறு ஏதாவது பார்க்கத் தோன்றினால் அதையும் தாளில்தான் எழுதுவேன், பிரவுசரில் அல்ல. மறுநாள் பார்த்தால் அதில் பாதி தேவையே இல்லாதவை.

அப்புறம், பிரவுசர் வெற்றுப் பக்கத்தோடு திறக்கும்படி வையுங்கள். நோட்டிஃபிகேஷன் அத்தனையும் நிறுத்துங்கள். எழுதுவதற்கென்று தனி யூசர் கணக்கு ஒன்று உருவாக்கி, அதில் எந்தத் தளத்திலும் லாகின் செய்யாமல் விடுங்கள். இது மட்டுமே பெரிய வித்தியாசம் காட்டும்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. கணினியைத் தூக்கிப் போடுவதா?

பதில்: வேண்டாம். 2025 அக்டோபர் 14ஓடு பொதுவான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பட்டியலில் உள்ள பிராசஸரும் இல்லையென்றால் 11 மறுக்கும். அதற்கு உங்கள் கணினி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு லேப்டாப்பால் வரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. அதனால் இருப்பதை நீட்டிப்பதுதான் நியாயம்.

ஃபைல்களை வெளியே பிரதி எடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அதை நிறுவாமலே வைஃபை, ஒலி, பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி, அதாவது சுழலாத சிப் சேமிப்பகம், மாற்றுங்கள். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய செலவில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

கேள்வி: பரணில் 386 பிராசஸர் உள்ள ஒரு பழைய கணினி கிடைத்தது. பிளக்கில் செருகலாமா?

பதில்: பொறுங்கள், செருகாதீர்கள்! முதலில் மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். அந்தக் காலப் போர்டுகள் பலவற்றில் விரல் நுனி அளவில், உருளை வடிவில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் தேதியையும் செட்டப்பையும் காப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது கசியும். சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு தெரியும். கசிவது காரம், நூல் போன்ற செம்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும்.

பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியில் வினிகர் தொட்டுப் பொருக்கின்மேல் தடவினால் நுரைக்கலாம். காரம் முறிந்ததும் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். தடங்கள் அறுந்திருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் பழக்கமில்லாமல் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: அப்பா எழுதியவை ப்ளாப்பிகளில் இருக்கின்றன. எடுக்க முடியுமா?

பதில்: 3.5 அங்குலம் என்றால் யுஎஸ்பி டிரைவ் போதும். போடும் முன் மூலையில் இருக்கும் சிறு கதவைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிடுங்கள். எதுவும் தவறி மேலே எழுதப்படாது. தட்டில் பூஞ்சை தெரிந்தால் போடவே போடாதீர்கள். டிரைவின் ஹெட்டில், அதாவது படிக்கும் முனையில், ஒட்டி, அடுத்து வரும் ப்ளாப்பிகளையும் கெடுக்கும். 5.25 அங்குலத்துக்குப் பழைய டிரைவ் தேவைப்படும்.

ஃபைலைத் திறந்ததும் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் சிதைந்திருந்தால் பயப்படாதீர்கள், அது அநேகமாக வேர்ட்ஸ்டார். கடைசி எழுத்தில் ஒரு பிட்டைக் கூடுதலாக வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. நீக்கித்தரும் புரோகிராம்கள் இருக்கின்றன. தமிழில் எழுதியிருந்தால் அது டிஸ்கி போன்ற பழைய குறியேற்றமாக, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பழைய முறையாக, இருக்கலாம். மாற்றித்தரும் மென்பொருளால் அதை இன்றைய யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். மீட்டதை எளிய டெக்ஸ்ட் ஃபைலாகவும் ஒரு பிரதி வையுங்கள். மொத்தம் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு வீட்டில்.

கேள்வி: குறைவாக வாழ்வது என்கிறீர்கள், பழைய கணினிகளையும் சேர்க்கிறீர்கள். முரண் இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. ஓட்டாத இயந்திரத்தை நான் வைத்துக்கொள்வதில்லை. பழைய மென்பொருளுக்கு, இன்றைய கணினியிலேயே டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போதும். அதற்காக மேசை நிறையப் பெட்டிகள் வேண்டாம். 5.25 அங்குல டிரைவ் உள்ள ஒன்றை மட்டும் விடவில்லை, ஏனென்றால் அந்த வேலையை மென்பொருளால் செய்ய முடியாது. மற்றவற்றை, நிஜமாகவே ஓட்டக்கூடியவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். யாராவது புதிதாக ஒன்று கொண்டுவந்தால், எதை வெளியே அனுப்புவது என்று முடிவு செய்தபிறகுதான் வாங்கிக்கொள்வேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது. இனிமேல் கணினி பழக முடியுமா?

பதில்: தாராளமாக. எதைச் செய்ய ஆசைப்படுகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். பேரப்பிள்ளைகளின் படம் பார்ப்பது என்றால் அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள், மற்றவற்றை அவரே கேட்பார். எழுத்தளவைப் பெரிதாக்குங்கள், டபுள் கிளிக் வேகத்தைக் குறையுங்கள். அவர் தடுமாறும்போது மவுஸை வாங்கி நீங்கள் செய்துவிடாதீர்கள். எங்கே அழுத்த வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் கை அவருடையதாக இருக்கட்டும்.