ஐந்தாவது மனு வேண்டாம்

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. இளைஞர் மன்றமும் மகளிர் குழுக்களும் சேர்ந்து மூன்று வருடமாக ஊரணியையும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் சுத்தம் செய்கிறோம். இப்போது எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கரையில் நடைபாதை போடப்போகிறார்கள். வரத்துக்கால் அடைபட்டுவிடும். சங்கத்தின் பெயரில் நான்கு மனு கொடுத்தும் பதில் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஐந்தாவது மனுவை எழுதாதீர்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். கிராம சபையில் சங்கத்துக்கென்று தனி இடம் கிடையாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உறுப்பினர். நம் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரணிக்கு அள்ளிக் கொடுக்கும் பெரிய வீட்டுக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், ஓட்டு இங்கே இருக்காது. பணம் தரலாம், யோசனை சொல்லலாம். தீர்மானத்துக்குக் கைதூக்க முடியாது. உள்ளூர் ஓட்டு எத்தனை பேருக்கு என்று முதலில் எண்ணுங்கள்.

உங்கள் பலம் மகளிர் குழுக்கள்தான். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் சபை செல்லுபடியாகும். ஆள் சேராமல் திண்டாடும் கூட்டத்தில் நாற்பது அக்காமார் வந்து உட்கார்ந்தால் மரியாதையே வேறு!

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டப் பேச்சு அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்கும் என்பதால் அதை விடாதீர்கள். 'ஊரணியைக் காப்பாற்றுங்கள்' என்று பேசிப் பயனில்லை. 'இந்தச் சர்வே எண்ணில் உள்ள வரத்துக்காலுக்குச் சிறுபாலம் விட்ட பிறகே நடைபாதை' என்று ஒரே வரியில் எழுதி, புலப்பட (நில அளவை வரைபட) நகலோடு கொடுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தை நீட்டினால் தொடாதீர்கள். தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறம், நடைபாதைக்கு ஒப்பந்தம் விட்டாயிற்றா என்று நாளையே ஊராட்சி செயலரிடம் விசாரியுங்கள். விட்டாயிற்று என்றால் அடுத்த சபை வரை காத்திருக்க நேரமில்லை. வாக்காளர் எண்ணோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலரை நேரில் பாருங்கள். மழைக்கு வரத்துக்காலில் தண்ணீர் ஓடும் படம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.